தெருநாய்களுக்கு ஊசியோடு குடற்புழு மருந்தும் கொடுங்கள்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருநாய் என்றதும் நம் ஊரில் கடியைப் பற்றியும் வெறிநோயைப் பற்றியும்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான், உயிர் போகிற விஷயம் அது. ஆனால் அதே நாயின் குடலில் இருக்கும் புழுக்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

போன வாரம் எங்கள் தெருவில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் ஒரு தாய் நாயும் ஐந்து குட்டிகளும் படுத்திருந்தன. குட்டிகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, வயிறு மட்டும் பானை மாதிரி. ஒரு குட்டி வாந்தி எடுத்தது. திரிந்த பாலுக்கு நடுவே வெந்த சேமியா போல நாலைந்து புழுக்கள் சுருண்டு நெளிந்தன. சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அதே மணலில்தான் வீடு கட்டி விளையாடினார்கள்.

அது உருண்டைப்புழு. தாயின் உடம்பில் ஒடுங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள், அது சினையானதும் கிளம்பிக் கருப்பையில் இருக்கும் குட்டிகளுக்குள் போய்விடும். பெரும்பாலான குட்டிகள் பிறக்கும்போதே புழுவோடுதான் பிறக்கின்றன. மலத்தோடு விழும் முட்டை இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்த பிறகுதான் தொற்றும். அன்றன்றைக்கே அள்ளிவிட்டால் ஆபத்தில்லை. விட்டுவிட்டால் வருடக்கணக்கில் சாகாது. மண் ஒட்டிய விரலைக் குழந்தை வாயில் வைத்தால் போதும். மனித உடம்பில் அந்தப் புழு முழுசாக வளராது. ஈரல், நுரையீரல் என்று அலையும். கண்ணுக்குள் போனால் பார்வையே போகலாம். விழித்திரைப் புற்றுநோயோ என்று டாக்டர்களே சந்தேகப்பட்டதுண்டு.

கொக்கிப்புழுவும் இருக்கிறது. ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் தோலைத் துளைத்து நுழையும். தோலுக்கடியில் கோணல் கோடாகத் தடிப்பு நகர்ந்துகொண்டே போகும், அரிப்பு ராத்தூக்கத்தைக் கெடுக்கும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது கறிக்கடை வாசல்தான். ஆட்டை அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். கடைக்காரர் அதை எடைக்குப் போடமாட்டார். வெட்டி எடுத்து, காத்துக்கிடக்கும் நாய்க்கு வீசுவார். வாயில்லா ஜீவன் தின்னட்டும் என்ற இரக்கம்தான். ஆனால் அந்தக் கட்டிக்குள் நாடாப்புழுவின் தலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் அவை நாயின் குடலில் வளர்ந்து முட்டை தள்ள ஆரம்பிக்கும். புழுவின் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, அதனால் நாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இந்த முட்டை மண்ணில் கிடந்து பக்குவப்பட வேண்டியதும் இல்லை, விழுந்ததுமே தொற்றும். நாயின் ரோமத்தில் ஒட்டும், தோட்டத்துக் கீரையில் ஒட்டும். நம் வயிற்றுக்குள் போனால், ஆட்டுக்கு வந்த அதே நீர்க்கட்டி நமக்கும் வரும். பல வருடம் வலியே இல்லாமல் வளர்ந்து, ஒருநாள் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தெரியும். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

நாய்களை விரட்டச் சொல்லி நான் எழுதவில்லை. 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலேயே கருத்தடை, தடுப்பூசி இரண்டோடு குடற்புழு நீக்கமும் இருக்கிறது. கருத்தடைக்குப் பிடித்து வரும் நாய்க்கு அங்கேயே மருந்து கொடுப்பது சுலபம். ஆனால் தெருவுக்குத் திரும்பும் நாய்க்குப் புழுவும் திரும்ப வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால்தான் பலன். மருந்தில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டெல் கட்டாயம் இருக்க வேண்டும்; வழக்கமான மற்றக் குடற்புழு மருந்தை ஒரு வேளை கொடுத்தால் அந்தச் சின்ன நாடாப்புழு போகாது. கருத்தடையை வேகப்படுத்தினால் குட்டிகள் குறையும், உருண்டைப்புழுவும் தானாகக் குறையும்.

பள்ளிகளில் வருடம் தவறாமல் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறோம். நல்ல திட்டம். ஆனால் அது மனிதக் குடலில் வாழும் புழுக்களுக்கான மாத்திரை. மணலில் கிடக்கும் நாய்ப்புழு முட்டையை அது ஒன்றும் செய்யாது.

ஆட்டுத்தொட்டியிலும் கறிக்கடைகளிலும் நீர்க்கட்டி உள்ள ஈரலைத் தனியாக வாங்கி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்கவோ எரிக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். மூடி போட்ட வாளி ஒன்றைக் கடைக்குக் கடை வைத்து, தினமும் வண்டி வந்து எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கடைக்காரர்களை அபராதம் போட்டு மிரட்ட வேண்டாம். காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள், நான் பேசிப் பார்த்திருக்கிறேன்.

தெருநாய்க்கு எப்படி மாத்திரை கொடுப்பது என்று உங்கள் அலுவலர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் பதினோரு நாய்கள். எது யார் வீட்டுத் திண்ணையில் படுக்கும், எது யார் கையால் வைத்தால் தின்னும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எடையைக் கணக்குப் போட்டு நான் சொல்கிறேன். மாத்திரையை மட்டும் நகராட்சி கொடுக்கட்டும், சோற்றில் பிசைந்து வைப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்