"உங்களுக்கும் பிரஷ் பறக்குமா?"

அன்புள்ள ஆசிரியருக்கு,

வலிப்பு நோய் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, வலிப்பு வந்தவர் வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. எல்லாம் சரி. ஆனால் கட்டுரை முழுக்க டாக்டர் பேசுகிறார், பெற்றோர் பேசுகிறார்கள். இருபது, இருபத்தைந்து வயதில் ஃபிட்ஸோடு வாழ்கிறவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எட்டு வருடமாக வலிப்போடு இருக்கிற எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். பதினேழு வயதில், பரீட்சைக்காக விடிய விடியப் படித்த மறுநாள் காலையில் முதல் தடவை வந்தது. ஸ்கேன், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி., மாத்திரை எல்லாம் வரிசையாக நடந்தன. அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே காலையில் எழுந்ததும் என் கை வெடுக்கென்று வெட்டும். பல் தேய்க்கும் பிரஷ் பறந்துபோய்க் கண்ணாடியில் மோதும். டம்ளர் நழுவும். கவனமே இல்லை என்று வீட்டில் திட்டு விழும். அதுவும் வலிப்பில் சேர்த்தி என்று யாருக்குத் தெரியும்? டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்று வருடம் கழித்துத்தான் வலிப்பு உள்ளவர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவில் சேர்ந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் முப்பதுக்குள், மாதம் ஒரு முறை கூடுவோம். முதல் நாளே பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள்: "உங்களுக்கும் காலையில பிரஷ் பறக்குமா?" சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. மறு வாரம் இதை டாக்டரிடம் சொன்னேன். ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்று நோயின் பெயரே மாறியது. பதின்வயதில் தொடங்குகிற வகை. தூக்கம் கெட்டால் கிளம்பும். அதுவரை நான் சாப்பிட்ட கார்பமசெபின் இந்த வகையில் கை வெட்டுவதை அதிகப்படுத்தக்கூடியதாம். மாத்திரையை மாற்றினார்கள். இப்போது பிரஷ் கையிலேயே இருக்கிறது.

குழுவில் வைத்தியம் பார்க்கிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாத்திரையைக் கூட்டு, குறை என்று ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது என்பது அங்கே முதல் விதி. ஒரு தடவை ஒரு பையன், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இரண்டு நாளாக மாத்திரையை நிறுத்தியிருப்பதாகச் சொன்னான். யாரும் உபதேசம் பண்ணவில்லை. எதிரே இருந்தவன் முடியை ஒதுக்கி, புருவத்துக்கு மேலே இருந்த தையல் தழும்பைக் காட்டினான். "நானும் இப்படித்தான் நிறுத்தினேன்." அவ்வளவுதான். அந்தப் பையன் அன்றைக்கே டாக்டருக்குப் போன் பண்ணினான்.

குளியலறைத் தாழ்ப்பாளைப் போடுவதா வேண்டாமா, பழகுகிறவரிடம் எப்போது சொல்வது, லெவெடிரசெட்டம் ஆரம்பித்ததிலிருந்து காரணமில்லாமல் எரிந்து விழுகிறேனே அது நானா மாத்திரையா என்றெல்லாம் பேசுவோம். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும், அந்த மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதை நான் முதலில் கேட்டதும் அங்கேதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதையெல்லாம் டாக்டரிடம் எந்தப் பெண் கேட்பாள்?

எங்களிடமும் தப்பு உண்டு. யாராவது "ஒரு வருடமாக ஃபிட்ஸ் வரவில்லை" என்றால் கை தட்டுவோம். முந்தின வாரம்தான் மூன்று தடவை விழுந்து எழுந்த ஒருவர் அந்தக் கைதட்டலுக்கு நடுவே பேசாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் வரவில்லை. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கட்டுரையிலும் அதைப் போட்டிருந்தீர்கள். நல்ல செய்திதான், ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படாத மிச்சப் பேரும் அதே அறையில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. கை தட்டுவதை நிறுத்திவிட்டோம். நாங்களே தேடிப் போய்ப் பேசியபிறகு அவர் திரும்பி வந்தார்.

வலிப்பு என்று முடிவு செய்து முதல் மாத்திரை எழுதும் அன்றைக்கே, இப்படிக் குழு இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தனுப்பலாம். குழு இல்லாத இடத்தில், தன் நோயாளிகளில் ஒரே வயதுக்காரர்கள் நாலு பேரை, அவர்கள் சம்மதித்தால், டாக்டரே அறிமுகப்படுத்தி வைக்கலாம். எனக்கு யாரும் சொல்லாததால் மூன்று வருடம் போனது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதுதான் அடுத்த மாதக் கூட்டத்தில் பேச்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி