மாதிரி விமான நிகழ்ச்சிகளுக்குப் பாதுகாப்பு நிபந்தனைகள் விதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மாதிரி விமானம் செய்து பறக்கவிடும் நண்பர்கள் குழுவினர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பொதுமக்கள் முன்னிலையில் நடத்தப்படும் மாதிரி விமான நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும்போது பாதுகாப்பு நிபந்தனைகள் விதிக்கவும், பயிற்சிக்கெனத் தனி இடம் ஒதுக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

எடை குறைந்த பால்சா மரத்திலும் தெர்மோகோலிலும் சிறு விமானங்கள் செய்து, ரிமோட் மூலம் பறக்கவிடுவதைப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் நாங்கள். எங்களில் லேத் பட்டறைத் தொழிலாளியும் உண்டு, கல்லூரி ஆசிரியரும் உண்டு, பத்தாம் வகுப்பு மாணவரும் உண்டு. இந்த நிகழ்ச்சிகளைத் தடை செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. இவை தொடர்ந்து நடக்க வேண்டும், ஆனால் இப்போது நடக்கும் விதத்தில் நடக்கக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள்.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மாவட்டத்திலுள்ள கல்வி நிறுவனம் ஒன்றின் மைதானத்தில் இத்தகைய நிகழ்ச்சி நடைபெற்றது. பார்வையாளர்களுக்கான நாற்காலிகள் மைதானத்தின் இருபுறமும் போடப்பட்டிருந்தன. அதாவது விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்களின் தலைக்கு மேல்தான் போயாக வேண்டும். மேடையிலிருந்தவர் ஒலிபெருக்கியில், குழந்தைகள் அருகே வந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தார். முற்பகல் பதினொரு மணியளவில், சுமார் 4 கிலோ எடையுள்ள விமானம் ஒன்று வட்டமடித்துத் திரும்புகையில் கட்டுப்பாட்டை இழந்தது. இயந்திரம் நிற்காமல் முழு வேகத்தில் வந்து, ஷாமியானாவின் துணியைக் கிழித்துக்கொண்டு, காலியாக இருந்த கடைசி வரிசையில் விழுந்தது. உடைந்த புரொப்பல்லரின் (விமானத்தை இழுத்துச் செல்லும் சுழல் விசிறியின்) துண்டு ஒன்று பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் குத்தி நின்றதை எங்களில் மூவர் கண்ணால் பார்த்தோம். அந்த வரிசையில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் ஐந்து நிமிடம் முன்புதான் மோர் வாங்க எழுந்து போயிருந்தார்கள். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை, நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உடையவர் யார் என்பதும் எவருக்கும் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் அடுத்த விமானம் மேலே ஏற்றப்பட்டது.

இவை விளையாட்டுப் பொம்மைகள் என்ற எண்ணமே இந்த அலட்சியத்திற்குக் காரணம் என்று கருதுகிறோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு விலகிக்கொள்ள அரை நொடி கூடக் கிடைக்காது. அந்த வேகத்தில் 5 கிலோ எடை ஒருவர் மேல் மோதுவது, அதே எடையுள்ள கல் சுமார் 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நிமிடத்திற்கு 10,000 முறை சுழலும் பத்து அங்குல புரொப்பல்லரின் நுனி மணிக்கு 450 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. தரையில் நிற்கும் விமானமும் விரலைத் துண்டிக்கக்கூடியது என்பதை, பேட்டரியை இணைத்துவிட்டு முன்புறமாக நின்று பேசிக்கொண்டிருக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லி வருகிறோம்.

2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், பொழுதுபோக்கிற்காகவும் கல்விக்காகவும் கண்பார்வைக்கு எட்டும் தூரத்திற்குள் பறக்கவிடப்படும் 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானங்களைத் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டுள்ளன. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை எந்த உயரத்திலும் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேலும், அதற்கு அப்பாலுள்ள, பொதுவாக முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடிக்கு மேலும் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் உள்ள நம் ஊரில், மாநகரின் பெரும்பகுதி இந்த எல்லைகளுக்குள் வந்துவிடுகிறது. ஆயினும் நிகழ்ச்சி நடத்துவோரில் பலர் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மேலும், இந்த விதிகள் பெரிதும் வானத்து எல்லைகளைப் பற்றியவை. தரையில் யார் எங்கே நிற்பது என்பதை உள்ளூர் நிர்வாகம்தான் முறைப்படுத்த இயலும் என்பதாலேயே தங்களிடம் வந்துள்ளோம்.

எனவே, இத்தகைய நிகழ்ச்சிக்கு அனுமதி கோருவோர் மைதானத்தின் வரைபடத்தை விண்ணப்பத்துடன் அளிக்க வேண்டும் என்று தாங்கள் உத்தரவிட வேண்டுகிறோம். பார்வையாளர்கள் ஒரே பக்கத்தில் மட்டும் அமர வேண்டும்; அவர்களுக்கு முன்னே கயிறு கட்டிய எல்லையும், அதற்கு முன்னே விமானம் ஓட்டுபவர்கள் நிற்கும் கோடும், அதற்கும் அப்பால் மட்டுமே விமானமும் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட இந்த ஒரு நிபந்தனையே பெரிது. தை மாதத்து நிகழ்ச்சியில் இது பின்பற்றப்பட்டிருந்தால், கட்டுப்பாடு இழந்த விமானம் பெரும்பாலும் வெறும் தரையில்தான் விழுந்திருக்கும். ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் அருகில் வானத்தைக் கவனித்துச் சொல்லும் ஸ்பாட்டர் ஒருவர் நிற்பதும், நிகழ்ச்சியை எந்த நொடியிலும் நிறுத்தும் அதிகாரத்துடன் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவர் எழுத்துப்பூர்வமாக நியமிக்கப்படுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அந்தப் பொறுப்பாளர் அன்றைய தினம் விமானம் ஓட்டக் கூடாது.

பறப்பதற்கு முன் ஒவ்வொரு விமானமும் மேசையில் வைத்துச் சோதிக்கப்பட வேண்டும். குறிப்பாக, சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைக்கப்பட்டுள்ளதா என்பதை, விமானத்தை இறுகப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்மிட்டரை (ரிமோட்டை) அணைத்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். வாய்வார்த்தையை ஏற்கக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயமுள்ள லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் கூட்டத்திலிருந்து விலகி, நிழலில், மணல் வாளிகளுடன் இருக்க வேண்டும். உப்பிப்போன பேட்டரியை வெயிலில் காரின் பின்சீட்டில் போட்டு வைக்கும் வழக்கம் எங்களவர்களிடமே உள்ளது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம். மெத்தனால் கலந்த எரிபொருளில் இயங்கும் எஞ்சின்கள் வந்தால் தீயணைப்பான் அருகிலேயே வேண்டும். மெத்தனாலின் சுவாலை பகல் வெளிச்சத்தில் எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றைக் கோவையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனி, ஆடி மாதங்களில் பொது நிகழ்ச்சிகளுக்கு அனுமதி அளிக்காமலும், மற்ற மாதங்களில் காலை ஒன்பதரை மணிக்குள் பறப்பை முடித்துக்கொள்ளும்படியும் பணித்தால் விபத்துகளில் பாதியைத் தவிர்க்கலாம் என்பது எங்கள் அனுபவம். உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் நிலங்களை அறவே விலக்க வேண்டும். கம்பியில் சிக்கிய விமானத்தைத் துறட்டிக் கோலால் இழுக்க முயன்ற ஒரு சிறுவனை நாங்களே ஓடிப்போய்த் தடுத்திருக்கிறோம்.

இறுதியாக, பச்சை மண்டலத்தில் வரும் அரசுப் புறம்போக்கு நிலம் ஒன்றில், குடியிருப்பும் சாலையும் இல்லாத பகுதியில், வார இறுதிக் காலை வேளைகளில் மட்டும் பறக்கவிட எங்களுக்கு அனுமதி தர வேண்டுகிறோம். முறையான இடம் இல்லாததால்தான் பிள்ளைகள் குளக்கரைகளிலும் லே-அவுட் சாலைகளிலும் பழகுகிறார்கள். நிலத்தைச் சமன் செய்யும் செலவையும், எல்லைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றையும் நாங்களே ஏற்கிறோம். தாங்கள் அமைக்கும் எந்த ஆய்வுக் குழுவின் முன்பும் சோதனை முறைகளைச் செய்து காட்ட எங்கள் கருவிகளுடன் வரத் தயாராக இருக்கிறோம். மைதான அமைப்பின் மாதிரி வரைபடத்தை இம்மனுவுடன் இணைத்துள்ளோம்.

அடுத்த தை மாதத்து நிகழ்ச்சிகளுக்கான அனுமதி விண்ணப்பங்கள் வரத் தொடங்கும் முன்பே உரிய உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழுவினர்

இடம்: கோயம்புத்தூர்
இணைப்பு: மைதான வரைபடம், ஒரு தாள்