கங்காணிக்கு நீதான் போன் எடுக்க வேண்டும்

பசறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பின் சிவா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பரீட்சை பாஸ். பாதை வழக்கம்போல. பனியில் வழுக்கி விழுந்தாயாமே, டீச்சர் வீட்டு மதில் ஏறிக் குதித்தவனா நீ?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கங்காணி கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டான். சீனி வியாதிக்கு நித்தியகல்யாணி அவித்துக் குடிக்கிறான். கோயில் வாசலில் ரோஸும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்குமே, ஆடுகூட வாய் வைக்காதே, அதேதான். பூவும் இலையுமாக ஒரு கைப்பிடி பறித்து, தேத்தண்ணிக் கேத்தலிலேயே போட்டு, பூ வெளுத்துப் போகும்வரை கொதிக்கவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். எனக்கும் நீட்டினான். அப்பப்பா, நாக்கில் பட்ட கசப்பு மத்தியானச் சோறு வரைக்கும் போகவில்லை.

ஏன்டா என்று கேட்டால், “கேன்சருக்கே இதிலிருந்துதான் மருந்து எடுக்கிறான் வெள்ளைக்காரன், சீனி எம்மாத்திரம்?” என்கிறான். மகன் போனில் காட்டிய வீடியோவாம். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அதில் பாதி உண்மை. செல்வியின் மகனுக்கு மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரியில் ஏற்றினார்களே வின்கிறிஸ்டின், அது இந்தச் செடியில் கிடைப்பதுதான். பையன் இன்று வொலிபோல் விளையாடுகிறான். இதை நான் எப்படி இல்லை என்பேன்?

ஆனால் மீதிக் கதையை அந்த வீடியோக்காரன் சொல்லவில்லை. இந்தச் செடியில் கேன்சர் மருந்து இருப்பது தெரியவந்ததே உங்கள் கனடாவில், ஒன்றாரியோ மாகாணத்தில், லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில். 1950களில் ஜமைக்காவிலிருந்து இந்த இலை அங்கே போய்ச் சேர்ந்தது. ஜமைக்காவிலும் நம்ம கங்காணி மாதிரி ஆட்கள் சீனிக்கு அவித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரொபர்ட் நோபிள் என்பவர் அதை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சீனி பெரிதாக அசையவில்லை. சரி, ஊசியில் ஏற்றிப் பார்ப்போம் என்று ஏற்றினால், எலிகள் கிருமி தொற்றிச் செத்தன. இரத்தத்தைப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கியிருந்தன. வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகுகிற நோய்க்கு இது உதவுமே என்று மனுஷனுக்குப் பட்டது அங்கேதான். அவரும் சார்ல்ஸ் பியரும் இதே செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற இன்னொரு மருந்து 1958இல் வெளியே வந்தது. வின்கிறிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது.

ஆக, அந்தச் செடிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதிலுள்ள நஞ்சு, சீனியைக் குறைக்கிற குணமில்லை. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். உடம்பின் அளவு பார்த்து, இரத்தம் சோதித்து, இரத்த நாளத்தில் மட்டும் ஏற்றுவார்கள். அப்படியும் கைகால் விறைத்துப் போகும். பிறகு வந்த ஆய்வுகள் சிலவற்றில் இலைச்சாறு எலிகளுக்குச் சீனியைக் குறைத்ததும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். எலிக்குத்தான். கங்காணியின் கைப்பிடிக்கு அளவு யார் சொல்வது?

பாமசியில் மாத்திரை எண்ணுகிறவன் எப்போது விஞ்ஞானி ஆனான் என்று கேட்பாய். பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுத்தாளையெல்லாம் வாசிக்கிற வியாதி எனக்கு, தெரியும்தானே. கங்காணி தூக்கிப்போட்ட மெட்போர்மின் மாத்திரை இருக்கிறதே, அதன் பூர்வீகமும் ஒரு பூச்செடிதான். ஐரோப்பாவில் ஊதாப் பூப் பூக்கிற ஒரு செடியை நாட்டு வைத்தியத்தில் பாவித்திருக்கிறார்கள். அதிலிருந்த சத்து சீனியைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதே வகையில் ஆபத்துக் குறைந்ததாக ஆய்வுகூடத்தில் செய்ததுதான் மெட்போர்மின். 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டேர்ன் என்ற டொக்டர் சீனிக்காரர்களுக்குக் கொடுத்து எழுதினார். செடிதான் வேண்டுமென்றால் அதுவும் செடி வழி வந்ததுதான் என்று கங்காணியிடம் சொன்னேன். “உனக்குக் கொமிஷன்” என்றான் படுபாவி.

சிவா, நான் இதை எழுதுவது அவன் காலைப் பார்த்த பிறகு. செருப்பு வார் உரசி, பெருவிரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு புண். ஓரமெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருக்கிறது. திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது ஈ வந்து அந்தப் புண்ணிலேயே உட்கார்ந்தது. அவன் உதறவே இல்லை. அவனுக்கு அங்கே உணர்ச்சியே தெரியவில்லை, மச்சான். அவன் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பாக்கியம் அக்கா எனக்குப் பின்னாலேயே படிவரை வந்து, “நீங்க சொன்னா கேக்க மாட்டாரு தம்பி, கனடா தம்பிய சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

அதனால் நீ எடு. அந்த சைக்கிள் விஷயத்துக்குப் பிறகு அவன் உன் பேச்சை மட்டும்தான் கேட்கிறான். சனிக்கிழமை உன் நேரம் காலை பத்துக்கு எடுத்தால் இங்கே இரவு ஏழரை, வீட்டில் இருப்பான். முதலில் கால், அப்புறம் மாத்திரை. கசாயம் கடைசியில். “மாத்திரையும் போடு, கசாயமும் குடி” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைக்காதே. அவனுக்குக் கிளிக்கிளசைட் என்று சீனியை இறக்குகிற இன்னொரு மாத்திரையும் எழுதியிருக்கிறார்கள், கசாயமும் சேர்ந்து சீனி ஒரேயடியாக இறங்கினால் மயங்கி விழுவான். பஸ்ஸில் போக முடியாது என்று சாக்குச் சொல்வான், ஓட்டோவுக்கு நான் சொல்லிவைத்துவிட்டேன் என்று சொல்.

நான் எழுதியதாக மூச்சு விடாதே, அக்கா பெயரையும் இழுக்காதே. கனவில் அவன் அப்பா வந்தார் என்று சொல். நம்பிவிடுவான்.

உன்,
ராமு