படச்சுருளை ஸ்கேன் செய்ய அனுப்புமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டங்களிலும் கோவில்களிலும் கிடக்கும் பழைய படச்சுருள்களை டிஜிட்டல்மயப்படுத்த வேண்டும் என்ற பேச்சு மலையகத்தில் அடிபடுகிறது. வரவேற்கிறோம். ஆனால், சுருள் கைக்கு வந்ததும் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்ப்பதையும், பிரித்துப் பார்க்காமலே கொழும்புக்கு அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

டப்பாவைத் திறந்ததும் வினாகிரி வாடை அடித்தால் சுருளின் அசிற்றேற் படலம் (படம் பதிந்திருக்கும் பிளாஸ்டிக் அடித்தளம்) சிதையத் தொடங்கிவிட்டது. இதுதான் வினாகிரி நோய். அதிலிருந்து கிளம்பும் அமிலம் சிதைவை இன்னும் விரைவாக்கும், பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். அதைத் தனியே வையுங்கள். பொலித்தீனில் சுற்றி டேப் ஒட்டி அறைவெப்பத்தில் அடைத்துவைத்தால் அமிலம் உள்ளேயே தேங்கும்.

அடுத்து அளவு. 16 மில்லிமீற்றர் அகலச் சுருளில், ஓரத்தில் வரிசையாக உள்ள துளைகளில் ஒன்றின் விளிம்பிலிருந்து 101ஆவது துளையின் அதே விளிம்புவரை 762 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கமராவில் ஓடிய மூலச்சுருளானால் 760.5. 754க்குக் கீழே போனால் ஏறக்குறைய ஒரு வீதம் சுருங்கிவிட்டது. புரொஜெக்டரின் பற்கள் அதன் துளைகளைக் கிழித்துவிடும். பற்சக்கரம் இல்லாமல் உருளைகளால் மட்டும் இழுக்கும் ஸ்கேனரே அதற்குப் பொருத்தம்.

நமது குளிர் சுருளுக்கு நல்லது, ஈரம்தான் எமன். ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது மருந்தல்ல. வெப்பம் வினாகிரி நோயை வளர்க்கும். கம்பிரசர் உள்ள ஈரநீக்கி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நுவரெலியாக் குளிரில் அதன் குழாய்களில் பனி உறைந்து வேலை நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சக்கரம் உள்ள வகையே இங்கு சரி. ஈரப்பதனை 30 முதல் 50 வீதத்துக்குள் பிடித்துவைத்தால் போதும்.

படம் பதிந்திருப்பது ஜெலட்டின் பூச்சில். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் துடைத்தால் படமே துணியோடு வந்துவிடும். பார்மசியில் விற்கும் ஸ்பிரிட்டிலும் பெரும்பாலும் தண்ணீர் கலந்திருக்கும். முதலில் சுருளை உலர்ந்த அறையில் வையுங்கள். பூஞ்சணம் பொடியானதும் முகக்கவசத்துடன் மென்தூரிகையால் தட்டிவிட்டு, 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் தோய்த்த வெல்வெற் துணியால் இலேசாகத் துடையுங்கள். படங்களில் காட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறை கிழிந்த துளைகளில் மாட்டும். நைட்ரைல் ரப்பர் கையுறையே நல்லது.

கையால் சுற்றும் ரீவைண்டரில் மெதுவாக ஓட்டி, துண்டுகளை ஒட்டி இணைத்த ஒவ்வொரு இடத்தையும் வளைத்துப் பாருங்கள். விட்டுப்போனதைப் படச்சுருளுக்கென உள்ள ஸ்பிளைசிங் டேப்பால் இருபுறமும் ஒட்டுங்கள். செலோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். இருமுனையிலும் ஆறடி வெள்ளை லீடர் (படமில்லாத வெற்றுச் சுருள்) இணைத்து, டப்பாவில் உள்ள எழுத்தை அப்படியே அதில் எழுதுங்கள். துருப்பிடித்த டப்பாவையும் புகைப்படம் எடுத்த பிறகே எறியுங்கள்.

ஸ்கேன் செய்பவரிடம் துளைகளும் விளிம்பும் தெரியும்படி கேளுங்கள். விளிம்பிலுள்ள கொடக் நிறுவனக் குறியீடு பிலிம் தயாரான ஆண்டைக் காட்டும், ஆனால் அது 20 ஆண்டுக்கொருமுறை திரும்பவும் வரும். 16 மில்லிமீற்றரில் 400 அடி என்றால் 16,000 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகத்தையும் தனிப்படமாகச் சேமிக்கும் டிபிஎக்ஸ் கோப்புகளாக, 2கே (ஏறக்குறைய 2,000 புள்ளி அகலம்) தரத்தில், ஏறக்குறைய 200 கிகாபைட். பென்டிரைவோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
படச்சுருள் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள சிலர்,
நுவரெலியா.