ஒரே அம்மா, மூன்று பிள்ளைகள்

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய், எனக்கும் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ பாடம் நடத்தும் வகுப்பில் ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்வதே இல்லை, பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கும் அவன் அம்மா வரவில்லை என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவங்க படிக்காதவங்கம்மா, அக்கறை இல்ல" என்று ஒன்றைச் சேர்த்தாய். அந்த அம்மாவுக்கு இரவு நேரத் துப்புரவு வேலை என்று சொன்னதும் நீதான். இரவெல்லாம் தரை துடைத்துவிட்டு வந்தவர் காலை பத்து மணிக்குப் பள்ளியில் வந்து நிற்கவில்லை என்றால் அது அக்கறைக் குறைவா, தூக்கமா?

தாயின் படிப்பு பிள்ளையைப் பாதிக்கும் என்று ஆய்வுகள் சொல்வதாகச் சொன்னாய். சரி, நான் அதை மறுக்கவில்லை. போன வருஷம் உன் மேற்படிப்புக்காகக் கட்டுரை எழுதியபோது நீயே எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னது நினைவிருக்கிறது. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு அது. 1970 முதல் 2009 வரை உலகம் முழுக்க ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததே, அதில் பாதிக்குப் பெண்கள் படித்ததுதான் காரணம் என்றாய். கேட்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. அதே வாரம் நார்வே கதையும் சொன்னாய். அங்கே கட்டாயப் படிப்பை 7 வருஷத்திலிருந்து 9 வருஷமாக உயர்த்தினார்களாம். அப்படிக் கூடுதலாகப் படித்த அம்மாக்களின் பிள்ளைகள், அந்த ஒரு காரணத்தால் பெரிதாக அதிகம் படித்துவிடவில்லையாம், மகன்களிடம் மட்டும் கொஞ்சம் தெரிந்ததாம். முதல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிட்டாயா?

நார்வே எதற்கு, இங்கே சிங்கப்பூரில் நம் வீட்டையே பார். ஒரே அம்மா. தொடக்கநிலை ஆறு வரை, அதுவும் தமிழ்வழிப் பள்ளி. உன் அண்ணன் ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில் முடித்து மின்தூக்கி பழுதுபார்க்கிறான். அக்கா உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான ஓ லெவலோடு நின்று அலுவலகத்துக்குப் போனாள். நீ பட்டதாரி, ஆசிரியை. உங்கள் மூவரின் விண்ணப்பப் படிவத்திலும் தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் ஒரே பதில்தான் இருந்தது. அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அண்ணன் தொடக்கநிலை மூன்றில் இருந்தது 1988. அன்றைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ 1979இல் கொடுத்த கல்வி அறிக்கைக்குப் பிறகு வந்த முறைப்படி, அந்த வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். சிலருக்கு ஆறு வருஷத்தில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, சிலருக்கு எட்டு வருஷத்தில், இன்னும் சிலருக்குப் பிஎஸ்எல்இயே இல்லை. அண்ணன் எட்டு வருஷப் பிரிவுக்குப் போனான். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவின் மகளிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அவளும் பள்ளிக்கூடப் பிள்ளைதான், "சைன் பண்ணணும் ஆன்டி" என்றாள். பண்ணினேன். அப்போது நான் மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் மாறி மாறி வேலை, நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி. அதே புளோக்கில் நாலாம் மாடியில் ஒரு குமாஸ்தா அம்மா இருந்தார். அவர் பையனுக்கும் அதே கடிதம், அதே பிரிவு. அவர் அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனார். எத்தனை மதிப்பெண் எடுத்தால் பிரிவு மாறலாம், எந்தப் பாடத்தில் குறை, யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். படித்த அம்மாவிடம் இருப்பது அதுதான். பிள்ளைமேல் பாசம் அவருக்கு என்னைவிட ஒரு துளிகூட அதிகமில்லை. ஆனால் பள்ளியிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தெரியும், எதைக் கேட்பது என்றும் தெரியும். அரை நாள் லீவு கொடுக்கிற வேலையும் இருந்தது. இதில் படிப்பு எது, வேலை எது என்று எப்படிப் பிரிப்பாய்?

என் படிப்பையும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதே. தமிழில் கட்டுரை எழுதுவேன், கணக்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் 1987க்குள் எல்லாப் பள்ளிகளும் ஆங்கில வழிக்கு மாறிவிட்டன. பிள்ளை கொண்டுவந்த கணக்கு எனக்குத் தெரியும், கேள்விதான் புரியாது. உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியையே 1982இல் மூடிவிட்டார்கள். எங்களைப்போன்ற பெண்கள் படித்தும் படிக்காதவர்களாகிப் போனோம்.

நீ பள்ளிக்குப் போனபோது எல்லாமே வேறு. எனக்குப் பகல் ஷிப்ட் நிலையாகக் கிடைத்துவிட்டது. வேலையிடத்திலேயே தொழிலாளர்களுக்கு பெஸ்ட் என்ற அடிப்படைக் கல்வி வகுப்பு நடத்தினார்கள், வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஆங்கிலம் படித்தேன். உன் முதல் ஆங்கிலப் புத்தகமும் என் முதல் ஆங்கிலப் புத்தகமும் பெரிய வித்தியாசம் இல்லை! அங் மோ கியோ நூலகத்துக்கு அக்கா உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். 1991இல் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா வந்தது, அதற்குச் சம்பளத்தில் பிடித்தார்கள், அப்பா முணுமுணுத்தார். பிறகு நீ அவர்களின் துணைப்பாட வகுப்புக்குத்தான் போனாய். தனியார் டியூஷனுக்கு எங்களிடம் எங்கே காசு? உனக்குக் கிடைத்தது படித்த அம்மா இல்லை, கொஞ்சம் நேரம் கிடைத்த அம்மா. அதோடு ஓர் அக்காவும் ஒரு நூலகமும்.

உன் பாட்டி பள்ளி வாசலையே மிதித்ததில்லை. ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் தடுப்பூசி போட்டிருந்தது, ஏனென்றால் தாதி கம்பத்துக்கே, எங்கள் கிராமத்துக்கே வருவார். 1960இல் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 35 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது இரண்டு அளவில் நிற்கிறது. பெண்கள் படித்தார்கள், உண்மை. பாட்டியைப்போன்ற படிக்காத பெண்ணின் வீடு தேடியும் மருந்து வந்தது, அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொரு விஷயம், இதை உன்னிடம் சொன்னதே இல்லை. 1984இல் பட்டதாரித் தாய்மார் மூன்றாவது பிள்ளை பெற்றால் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்றார்கள். அதே வருஷம், 30 வயதுக்குள் இருக்கிற, ஓ லெவல் தேறாத, வருமானம் குறைந்த குடும்பத்துத் தாய் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளி போடுவோம் என்றார்கள். எனக்கு 26 வயது, இரண்டு பிள்ளைகள், பிஎஸ்எல்இ படிப்பு. நிபந்தனை எல்லாமே பொருந்தியது. தொழிற்சாலை கேன்டீனில் பெண்கள் அதைப்பற்றித்தான் பேசுவோம். பத்தாயிரம் என்றால் அன்றைக்கு எவ்வளவு பெரிய காசு தெரியுமா? அப்பாவுக்கு ஆசை இருந்தது. எனக்கு மனம் வரவில்லை, இன்னும் ஒரு பிள்ளை வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். பட்டதாரிகளுக்கான முன்னுரிமையை ஊரே திட்டியது, 1985இல் எடுத்துவிட்டார்கள். 1986இல் நீ பிறந்தாய். மறு வருஷமே, வசதி இருந்தால் மூன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்று பேச்சு மாறிவிட்டது.

இன்றைக்கு அப்படி யாரும் சொல்வதில்லை. 2016இல் தொடங்கிய கிட்ஸ்டார்ட் என்ற திட்டத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள், நல்லது. ஆனால் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து "அந்த மாதிரி அம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது பிள்ளைமேல் போய் ஒட்டிக்கொள்ளும். நீ அப்படிச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பத்தாயிரம் வெள்ளிதான் நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாவுக்குப் பேரண்ட்ஸ் கேட்வே என்ற பள்ளிச் செயலியில் செய்தி அனுப்பிவிட்டேன் என்கிறாய். அவர் அதைத் திறந்தாரா என்று பார்த்தாயா? தமிழ் பேசுகிறவர்தானே, தமிழிலேயே கூப்பிட்டுப் பேசு. காலையில் கூப்பிடாதே, தூங்குவார். மாலை ஐந்து மணிக்கு மேல், வேலைக்குக் கிளம்புமுன் கூப்பிடு. பையனைப்பற்றிக் குறை சொல்லி ஆரம்பிக்காதே, என்றைக்கு ஓய்வு நாள் என்று கேள். வருவதாகச் சொன்னால், என்ன கேட்கலாம் என்பதையும் நீயே சொல்லிக்கொடு. கணக்கில் எந்த இடத்தில் தடுமாறுகிறான், பள்ளியில் இலவச உதவி என்ன இருக்கிறது, நிதியுதவிக்கு யாரிடம் போவது, இதெல்லாம் அவராகக் கேட்கத் தோன்றாது. பையன் இரவில் யாரோடு இருக்கிறான் என்பதையும் மெதுவாக விசாரி. அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாளா?

பேசிவிட்டு என்ன சொன்னார் என்று எனக்குச் சொல். சனிக்கிழமை வரும்போது சின்னவனின் சீருடைக் காற்சட்டையை எடுத்து வா, இடுப்பைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன்.

அம்மா