கற்பூரவள்ளிக்கு இங்கே வேறு பேர்

கபெஸ்தேர்-பெல்-ஓ, குவாதலூப் (கரீபியக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு)

அன்புள்ள பாப்பா,

வகுப்பில் பேச நம் தீவின் இலை மருந்துகளைப் பற்றி எழுதி அனுப்பச் சொன்னாய். "பேர்ப்பட்டியல் போதும் அம்மா" என்றாய். பட்டியல் மட்டும் தர எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

உனக்கு மூன்று வயதில் நெஞ்சுச் சளி கட்டி ராத்திரி முழுக்க இருமினாய். காரைக்காலிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம், எனக்கு இங்கே யாரையும் தெரியாது. விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே கையை நீட்டி நாலு தடித்த இலையைக் கொடுத்து, "க்வோ தென்" என்றார். கசக்கி முகர்ந்தேன். கற்பூரவள்ளி! என் அம்மா கிணற்றடியில் வைத்திருந்த அதே செடி. அங்கேயே நின்று அழுதுவிட்டேன். இந்த ஊர் எனக்கு ஊரானது அன்றைக்குத்தான்.

அப்புறம் அவர் வீட்டுக்கொல்லையே எனக்குப் பள்ளிக்கூடம். ரிமெட் ராஸ்யே என்று இவர்கள் சொல்வது புதர்ச்செடி வைத்தியத்தை. அத்துமோ உனக்குத் தெரியும்: "எல்லா நோவுக்கும்" என்ற பிரெஞ்சுச் சொற்கள் தேய்ந்து வந்த பேர். நம் சித்தரத்தையின் உறவு அது, இலையை ஜலதோஷத்துக்குக் கொதிக்க வைப்பார்கள். ஜெப்-அ-பிக் நிலவேம்பு மாதிரி கசக்கும், அது காய்ச்சலுக்கு. குடற்புழுவுக்கு செமென் கோந்த்ரா.

எனக்கு அதிகம் வியப்பாக இருந்தது இலைகள் இல்லை, உடம்பைப் பற்றி இவர்கள் நினைக்கும் விதம். துணி தேய்த்த கையோடு பாட்டி குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க மாட்டார். சூட்டு உடம்பில் குளிர்ச்சி பட்டால் நோய் என்பார். உடம்பு சூடாகிவிட்டால் "ரஃப்ரெஷி" என்று குளிர்ச்சிக் கஷாயம். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்குமுன் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது பழைய வழக்கம், அதற்கு "லோக்" என்று பேர். என் பாட்டி விளக்கெண்ணெயோடு எங்களைத் துரத்தியது ஞாபகம் வந்தது. சூடு, குளிர்ச்சி என்று பேசும் இன்னொரு ஜனத்தை இத்தனை கடல் தாண்டிப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

சரி, இந்த அறிவு யாருடையது? கொலம்பஸ் 1493-ல் வந்தபோது இது கரீப் மக்களின் தீவு. கருகேரா என்பது அவர்கள் வைத்த பேர். இந்த மண்ணிலேயே முளைத்த செடிகளின் குணம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புக்காக ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாக ஏற்றி வந்தார்கள். அந்த மக்களின் கையில் இலை இருப்பதைப் பார்த்தாலே முதலாளிகளுக்கு விஷப் பயம். ஹைத்தி அன்று சான்-தொமாங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தது. அங்கே மக்கந்தால் என்பவரை விஷம் வைத்தார் என்று சொல்லி 1758-ல் உயிரோடு எரித்தார்கள். 1764-ல் ஓர் அரச ஆணை, கறுப்பர்கள் அடிமையானாலும் சுதந்திரமானவரானாலும் வைத்தியம் செய்யவே கூடாது என்று தடுத்தது. பாப்பா, இதை உன் பேச்சில் விட்டுவிடாதே. அந்தத் தடைக்கு அடியில்தான் பாட்டியின் பாட்டிமார் பேத்திகளுக்கு இலையைக் காட்டிக்கொடுத்தார்கள். எழுதி வைக்க அவர்களுக்கு எழுத்தும் கிடையாது.

1848-ல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, நம் பக்கம் திரும்பினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் முதல் கூட்டத்தை இங்கே இறக்கியது. 1880-களின் கடைசி வரைக்கும் சுமார் 42,000 பேர். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நிறைய பேர், பின்னாட்களில் கல்கத்தாவிலிருந்தும். மொழி இன்று அவர்கள் வம்சத்தார் வீட்டில் இல்லை, சொற்கள் இருக்கின்றன. மாரியம்மன் "மாலியேமின்" ஆனாள், மதுரைவீரன் "மால்தேவிலின்". ஷாங்ஜி கோயில் பூசையில் வேப்பிலையை "வெப்பெலே" என்று கேட்டபோது எனக்குச் சிலிர்த்துப் போனது. மஞ்சள் "மாந்ஜா", மத்தளம் "மத்தாலோன்". குழம்பு "கொல்பு" ஆயிற்று. நம் ஊரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904-ல் தொடங்கிப் போராடியதால்தான் 1923-ல் இவர்களுக்குப் பிரெஞ்சுக் குடிமக்களின் வாக்குரிமை உறுதியானது. உன் கூட்டாளிகள் பலரின் கொள்ளுத்தாத்தாமார் கதை இது.

இனி மருந்தாளர் ஆகப்போகும் மகளுக்கு. நீ சின்னவளாக இருந்தபோது ஒரு மருத்துவர் என் கஷாயத்தைக் கேட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் எந்த மருத்துவரிடமும் நீ குடித்த இலையைச் சொன்னதே இல்லை. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இப்போது புரிகிறது. கேட்பவர் சிரிக்காமல் இருந்தால்தான் சொல்பவர் வாயைத் திறப்பார். நீ சிரிக்காதே. ஆனால் கேட்டதையெல்லாம் நம்பவும் செய்யாதே.

ராத்திரி தூக்கத்துக்கு நான் கொரோசோல் இலைக் கஷாயம் குடிப்பேனே, நம்மூர் முள் சீத்தா, அதை நிறுத்திவிட்டேன். வழக்கமான மருந்துக்குச் சரியாக அடங்காத ஒரு பார்க்கின்சன் வகை நோய் இந்தத் தீவில் அதிகம் இருப்பதையும், அந்தப் பழமும் கஷாயமும் நிறைய எடுத்தவர்களோடு அதற்குத் தொடர்பு தெரிவதையும் 1999-ல் வந்த ஆய்வு சொன்னது. முள் சீத்தாவில் உள்ள அன்னோனாசின் என்ற பொருள் நரம்பணுக்களைக் கொல்வதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். பாட்டியிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு மாசம் ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. "என் பாட்டி இதைத் தினமும் குடிக்கச் சொல்லவே இல்லை" என்றார்.

இன்னொன்று மண். வாழைக் கூன்வண்டுக்காக 1972-லிருந்து 1993 வரைக்கும் குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தைத் தோட்டங்களில் போட்டார்கள். பிரான்சில் 1990-லேயே தடை செய்தும், இங்கே மட்டும் விலக்குக் கொடுத்து இழுத்தார்கள். அந்த நஞ்சு நம் கபெஸ்தேர் மண்ணில் இன்னும் இருக்கிறது, பல தலைமுறைக்கு இருக்கும். மரத்துப் பழத்துக்கு அது ஏறுவதில்லை, கிழங்குக்கு ஏறும். இஞ்சியும் மஞ்சளும் கிழங்குதானே! எந்தத் தடையாலும் அழிக்க முடியாத வைத்தியத்தின் வேரில் போய் இது உட்கார்ந்துவிட்டதே என்று எனக்கு ஆறவே இல்லை. போன மாசம் நம் கொல்லையிலும் பாட்டி கொல்லையிலும் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வரும் வரைக்கும் மஞ்சள் கடையில்தான்.

அதனால் பட்டியல் போடுவதானால் இப்படிப் போடு: இலையின் பேர், சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், எவ்வளவு, எத்தனை நாள், எந்த மண். 1982-லிருந்து த்ராமில் என்ற கரீபிய ஆய்வு வலையம் ஊர் ஊராகப் போய் வீட்டு வைத்தியத்தைக் கேட்டு, எது பயன், எது நஞ்சு என்று சோதித்துப் பதிந்துவருகிறது. பிரான்சின் அதிகாரபூர்வ மருந்து நூலில் கடல்கடந்த மாநிலங்களின் செடிகளுக்கு இடம் தரும் சட்டம் 2009-ல் வந்தது. 1764-லிருந்து எண்ணிப் பார்.

செடியைத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள், படங்கள் அனுப்புகிறேன். பாட்டிக்கு 91 ஆகிறது, காது மந்தம், ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீ எப்போது வருவாய் என்று வேலியோரம் தினமும் கேட்கிறார். கிறிஸ்துமஸுக்கு வரும்போது ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் கொண்டுவா. காலையில் வெயில் ஏறுமுன் போய் உட்காரலாம். இருட்டின பிறகு அவர் இலை பறிக்க விடமாட்டார்.

அன்புடன்,
அம்மா