உறைந்த மண்ணின் மேல் ஒரு சாலை

காரைக்குடி

அன்புள்ள முத்துராமா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மருமகன் கேரவன் வாங்கியிருப்பதையும், வருகிற கோடையில் கனடாவின் வடகோடிக்கு அழைத்துப்போவதாகச் சொல்வதையும் எழுதி, "இந்த வயதில் போகலாமா?" என்று கேட்டிருக்கிறாய். கட்டாயம் போ. நானும் மீனாளும் மகனோடு போய் வந்தவர்கள் என்பதால் சொல்கிறேன். அழகப்பா பொறியியல் கல்லூரியில் சாலை அமைப்பை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். அந்தச் சாலையை நீ பார்க்காமல் இருக்கக் கூடாது.

டாசன் க்ரீக்கில் தொடங்கும் அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. போர்க்காலத்தில், 1942-இல், அமெரிக்க ராணுவம் சில மாதங்களிலேயே வெட்டித் திறந்த பாதை அது. இன்று நல்ல தார்ச்சாலை, கண்ணுக்கு நிறைவான மலைகள். வாட்சன் லேக்கில் மட்டும் இறங்கிப் பார். ஊர் ஞாபகம் வந்த ஒரு படைவீரர் அந்த ஆண்டில் தன் ஊர்ப் பெயரை எழுதி நட்டுவைத்த பலகையைத் தொடர்ந்து, உலகெங்குமிருந்து வந்தவர்கள் பல்லாயிரம் பலகைகளை அடித்துவைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையைப் பற்றி. டாசன் நகருக்குச் (டாசன் க்ரீக் வேறு, இது யூகானில் இருக்கும் வேறு ஊர்) சுமார் 40 கி.மீ. முன்பாகப் பிரிந்து, வடகோடி ஊரான இனுவிக் வரை ஏறத்தாழ 740 கி.மீ. போகிறது. 1959-இல் தொடங்கிய வேலை 1979-இல்தான் முடிந்தது. பெரும்பகுதி வெறும் சரளை. ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணின் மேல் போடப்பட்ட பாதை என்பதுதான் அதன் சிறப்பு. நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? மேல்மண்ணை அகற்று, இளகிய இடத்தைத் தோண்டு, கெட்டித் தரை வந்ததும் ரோலர் விட்டு இறுக்கு. நம் செம்புறாங்கல் பூமியில் என் பணிக்காலம் முழுவதும் அதைத்தான் செய்தேன். அங்கே தோண்டினால் எல்லாம் கெட்டது. மேலே படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டினால்கூட வெயில் உள்ளே இறங்கி, பனிக்கட்டி உருகி, நிலம் சேறாகிச் சரிந்துவிடும். அதனால் பாசியை அப்படியே விட்டு, அதன் மேல் 1.2 மீட்டர் முதல் 2.4 மீட்டர் வரை சரளையைக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். மண் உருகாமல் காக்கும் போர்வையும் அந்தச் சரளைதான், வண்டி ஓடும் தளமும் அதுதான். 2017-இல் இனுவிக்கிலிருந்து வடகடல் ஓரத்து டுக்டோயக்டுக் வரை 138 கி.மீ. நீட்டியபோது, உறைநிலம் கெடக் கூடாது என்று மண் கொட்டும் வேலையைக் கடுங்குளிர் காலத்தில் செய்தார்கள். நாம் மழைக்குப் பயந்து கோடையில் வேலை செய்தோம். அவர்கள் கோடைக்குப் பயந்து பனியில் வேலை செய்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, கரைச்சரிவில் வெகுநேரம் நின்று பார்த்தேன். உன்னை அன்று மிகவும் நினைத்துக்கொண்டேன்.

இனுவிக்கிலும் இதே கதைதான். கட்டடங்கள் தரையில் உட்காராமல் மரத்தூண்கள் மேல் நிற்கின்றன. வீட்டுச் சூடு மண்ணுக்குப் போகக் கூடாது அல்லவா? குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பெட்டிக்குள் அடைக்கப்பட்டுத் தரைக்கு மேலேயே ஓடுகின்றன. அந்த ஊர் உருவான காரணம் இன்னும் நெருக்கமாகப்பட்டது. ஆற்று வெள்ளம் அடிக்கடி வந்த அக்லாவிக் என்ற ஊருக்கு மாற்றாக 1950-களில் மேட்டு நிலம் தேடிக் கட்டினார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வெள்ளத்தை நினைத்துப் பயந்துதான் நம்மவர்கள் இந்த வறண்ட சீமையில் இவ்வளவு உயரத் தளம் எழுப்பி வீடு கட்டினார்கள் என்று ஐயா சொல்வாரே, அது நினைவுக்கு வந்தது. அக்லாவிக்கில் பலர் இடம்பெயர மறுத்து அங்கேயே வாழ்கிறார்கள். அவர்களையும் எனக்குப் புரிகிறது.

சாலையின் பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற போலீஸ் அதிகாரி மூன்று பேரோடு நாய்வண்டிகளில் ஃபோர்ட் மெக்பெர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பினார். வழிகாட்டிய க்விச்சின் பழங்குடியைச் சேர்ந்தவரைக் கொஞ்ச தூரத்திலேயே கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு மலையைக் கடக்கும் வழி தென்படவில்லை. திரும்பும் வழியில், உணவு தீர்ந்து, நாய்களையே தின்னும் நிலைக்கு வந்து, நால்வரும் இறந்துபோனார்கள். 1911 மார்ச்சில் தேடிப்போய் உடல்களைக் கண்டெடுத்தவர்தான் டெம்ப்ஸ்டர். அந்த மண்ணில் பிறந்தவர்களின் சொல்லைக் கேட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருக்கக்கூடும். ஃபோர்ட் மெக்பெர்சனில் அவர்களின் கல்லறை முன் நின்றபோது மீனாள் ஒன்றும் பேசவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். டெம்ப்ஸ்டர் சாலை பிரியும் சந்திப்பில் எரிபொருள் நிரப்பினால் அடுத்த பங்க் 369 கி.மீ. தாண்டி ஈகிள் பிளெய்ன்ஸில்தான். கூரான உடைகற்கள் டயரைக் கிழிக்கும்; மாற்று டயர் ஒன்று போதாது. எங்களுக்கு டயர் வெடித்த இடத்தில், எதிரே வந்த லாரிக்காரர் கேட்காமலேயே இறங்கிவந்து, மாற்றி முடியும்வரை உடன் இருந்தார். பீல் ஆற்றையும் மெக்கென்சி ஆற்றையும் படகில் வண்டியோடு கடக்க வேண்டும். கட்டணம் கிடையாது. ஆறு உறையத் தொடங்கும்போதும் பனி உடையும்போதும் படகும் இல்லை, உறைந்த ஆற்றின் மேல் வண்டி போகும் பனிப்பாதையும் இல்லை, வழியே அடைந்துவிடும்.

தொட்டித் தண்ணீரை அளந்துதான் செலவிட வேண்டும். மீனாள் அரிசி களைந்த நீரைக் கீழே விடாமல் வெண்டைக்காய் மண்டி வைத்தாள். நம் ஊர்ச் சமையல் அங்கே எவ்வளவு உதவியது தெரியுமா! வத்தல், பருப்புப் பொடி எல்லாம் எடுத்துப் போகலாம். உப்புக்கண்டத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடு, இறைச்சியை விமான நிலையத்தில் விடமாட்டார்கள். கரடிகள் நடமாடும் இடம் என்பதால் மிச்சச் சோற்றைக்கூட வெளியே வைக்கக் கூடாது.

நாங்கள் போனது ஜூலைத் தொடக்கம். சூரியன் மறையவே இல்லை. விளக்கேற்றும் நேரம் எது என்று மீனாள் குழம்பி, கடைசியில் காரைக்குடி நேரம் பார்த்து ஏற்றினாள். நீ ஆகஸ்ட் கடைசியில் போ. கொசு குறைந்திருக்கும், டூம்ஸ்டோன் மலையடிவாரப் புதர்கள் சிவந்திருக்கும், இரவு இருட்டத் தொடங்குவதால் வானத்துப் பச்சை ஒளியையும் பார்க்க வாய்ப்புண்டு. அதிகம் தள்ளிப்போடவும் வேண்டாம். உறைநிலம் இளகிக்கொண்டிருக்கிறது, டுக்டோயக்டுக்கில் கடல் கரையை அரிப்பதால் ஓரத்து வீடுகளை உள்ளே நகர்த்தியிருக்கிறார்கள்.

உன் பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் ஓடு சரிந்திருக்கிறது. ஐப்பசி மழைக்குமுன் மாற்றியாக வேண்டும். கொத்தனாரிடம் பேசிவிட்டேன், ஆனால் உன் பங்காளிகள் சம்மதம் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்கிறார். அவர்களிடம் பேசிவிட்டு எனக்கு எழுது. ஆச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
சிதம்பரம்